அண்ணி தைத்து முடிக்காத பை

எங்கள் அண்ணி துணியில் ஒரு விரல் அகலத்தைக்கூடக் குப்பையில் போட மாட்டாள். அந்தக் கஞ்சத்தனத்தை நான் பல வருஷம் கிண்டல் செய்திருக்கிறேன். அது இரண்டு உயிர்களை மாட்டிவிடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தால் அந்தத் துண்டுத்துணி மூட்டையை அன்றைக்கே தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

ஒரே ஷட்டர் கடையை நாங்கள் இருவரும் பாதியாகப் பிரித்துக்கொண்டு பிழைக்கிறோம். இடது பாதியில் நான், என் ஜெராக்ஸ் மிஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர். வலது பாதியில் அண்ணி, அவளுடைய இரண்டு தையல் மிஷின்கள், வெட்டுகிற மேஜை, அதற்கடியில் அந்த மூட்டை. நடுவில் சுவர் கிடையாது. என் வாயை அடைக்க ஒரு சுவர் கட்டலாம் என்று என் அண்ணன் அடிக்கடி சொல்வான். அவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான், அதனால் சுவர் வரவில்லை.

அண்ணி முதலில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் இருந்தாள். பதினொரு வருஷம் இடது பக்கக் காலர் மட்டும் தைத்தாள். வலது பக்கத்தை வேறொருத்தி தைப்பாள். ஒரு முழுச் சட்டையை அண்ணி அங்கே தொட்டதே கிடையாது. தொழிற்சாலையை மூடியபோது இரண்டு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு ஒரு நாள் எழுந்து, என் அண்ணனுடைய கிழிந்த பேண்ட்டை வெட்டி, எனக்குப் பிறந்த நாள் பரிசாக ஒரு பை தைத்துக் கொடுத்தாள். அதன் மேல் சிவப்பு நூலில் கொட்டை எழுத்தில் ‘வாயாடி’ என்று போட்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பை அவ்வளவு உறுதியாக, அவ்வளவு அழகாக இருந்தது. அதை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். நாலு பேர் நிறுத்தி, எங்கே வாங்கினது என்று கேட்டார்கள்.

தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது. இறந்துபோன அப்பாவின் சட்டை, சின்ன வயதுப் பள்ளிச் சீருடை, பழைய வீட்டு ஜன்னல் திரை என்று எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். யாருக்குப் பரிசு என்று சொல்வார்கள். அவர்கள் பேரை நான் கம்ப்யூட்டரில் பெரிதாக அடித்து பிரிண்ட் எடுப்பேன். அண்ணி அதைக் கார்பன் வைத்துத் துணியில் நகல் எடுத்து, சங்கிலித் தையலில் எழுத்து எழுத்தாகக் கையாலேயே போடுவாள். வியாழக்கிழமை தருகிறேன் என்று சொன்னால் புதன்கிழமையே மடித்துக் கவரில் கிடக்கும். காய்ச்சல் வந்தாலும் சரி, கரண்ட் போனாலும் சரி.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பை தைத்தாலும் உள்ளே ஒரு சின்னப் பை வைப்பாள். அந்த உள்பையை அதே துணியில் வைக்க மாட்டாள். மூட்டையில் கைவிட்டு வேறு யாருடைய துணியிலோ மிச்சமானதை எடுத்து வைப்பாள்.

“ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?” என்பாள்.

ஜனங்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. பையை வாங்கினதும் முதல் வேலையாக உள்ளே திறந்து, இது யாருடையதோ என்று பார்ப்பார்கள். அந்த உள்பை ஓரத்தில் கடைப் பேரும் தெருவும் போன் நம்பரும் அச்சடித்த நாடா ஒன்றைச் சேர்த்துத் தைக்கலாம் என்று யோசனை சொன்னது நான். வியாபாரம் பெருகும் என்றேன். பெருகத்தான் செய்தது. என் புத்தியை எதால் அடிக்க?

மாடிப் பொண்ணு எங்கள் தெருவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் கேன் கிடங்குக்கு மேலே ஒற்றை அறையில் ஆறு வயதுப் பெண் குழந்தையோடு இருந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கைத் துணிகளை வெளுக்கிற லாண்டரியில் வேலை. காலையில் போனால் நாலு மணிக்குத்தான் வெளியே விடுவார்கள். அதனால் பள்ளி விட்டதும் குழந்தை நேராக எங்கள் கடைக்கு வந்துவிடும். சிட்டு என்று கூப்பிடுவோம். அது அண்ணியைப் பெரியம்மா என்றும் என்னை ஜெராக்ஸ் அத்தை என்றும் கூப்பிடும்.

ஒரு நாள் சிட்டு பட்டன்களைக் கோத்து விளையாடிக்கொண்டே, “எங்க அப்பா வேலைக்குப் போறப்ப எங்கள உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டுப் போவாரு. சன்னலுக்கும் ஆணி அடிச்சிருந்தாரு” என்று சாதாரணமாகச் சொன்னது. அண்ணியின் கால் மிஷின் பெடலில் அப்படியே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் அண்ணி கேட்டாள். மாடிப் பொண்ணு மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“ரெண்டு தடவ ஓடி வந்தேன்கா. ரெண்டு தடவயும் கண்டுபிடிச்சிட்டாரு. மொத தடவ அடிச்சாரு. ரெண்டாவது தடவ அடிக்கல. சிரிச்சாரு. ‘மூணாவது தடவ போனா நீ எனக்கு வேணாம். பாப்பா மட்டும் போதும். நீ எங்கயும் தேட முடியாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்’னு சொன்னாரு. இது மூணாவது தடவ.”

அவள் எந்த ஊரிலிருந்து வந்தாள், அவன் என்ன வேலை செய்கிறவன் என்று நாங்கள் கேட்கவில்லை. தெரிந்தால்தானே யாரிடமாவது உளறுவோம் என்று நான்தான் அண்ணியைத் தடுத்தேன். உளறுவதில் நான் யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருந்துவிட்டதாக ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஜூன் மாதம் சிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். மாடிப் பொண்ணு ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கொண்டுவந்தாள். நீலத் துணியில் வெள்ளை மீன்கள். நடுவில் நைந்து, ஓரங்கள் மட்டும் நன்றாக இருந்தன. ஓடி வந்தபோது குழந்தையை அதில் சுற்றித்தான் தூக்கி வந்தாளாம். அது இல்லாமல் சிட்டு தூங்காதாம், பள்ளிக்கும் எடுத்துப் போவேன் என்று அழுகிறதாம்.

“இதுலயே ஒரு பை தைச்சுக் குடுங்கக்கா. அவளுக்குப் பரிசா குடுக்கணும். பேரு மட்டும் சிட்டுன்னு போடுங்க, முழுப் பேரு வேணாம். கடை நாடாவும் வேணாம்.”

அந்த மீன்களைப் பார்த்த உடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. மீன் உடம்பு ஒழுங்காக இருந்தது. ஆனால் கண் மட்டும் உடம்பில் இல்லை. அரை அங்குலம் தள்ளி, தலைக்கு வெளியே, வெறும் நீலத்தில் கறுப்புப் புள்ளியாகக் கிடந்தது. ஒரு மீன் இல்லை, அத்தனை மீனும் அப்படித்தான். அச்சு தவறி விழுந்திருக்கிறது என்று அண்ணி சொன்னாள். ராத்திரியில் இதைப் போர்த்திக்கொண்டு எப்படித்தான் குழந்தை தூங்குகிறதோ என்று நினைத்தேன்.

அண்ணி அந்தப் பையை நாலு நாள் தைத்தாள். நைந்த பாகத்தைத் தள்ளி, நல்ல மீன்களாகப் பொறுக்கி வெட்டி, உள்ளே கெட்டி கேன்வாஸ் கொடுத்து, அடிமூலைகளை மடித்துத் தைத்து, தோள்வாரைப் பெருக்கல் குறி போட்டு இரண்டு முறை ஓட்டினாள். சிட்டு வாங்கினதும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். மூன்று மீன்கள் இருந்த மிச்சத் துண்டு மூட்டைக்குள் போனது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். கட்பீஸ்காரர் வந்தார். அச்சுப் பட்டறைகளில் மிச்சமாகும் துணியை எடை போட்டு வாங்கி வந்து எங்களுக்கு விற்பவர். வாய் நிறையச் சிரிப்பு, தோள் நிறைய மூட்டை. எப்போதும் மத்தியானத்தில்தான் வருவார், அதனால் மாடிப் பொண்ணு அவரைப் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய அச்சுப் பட்டறை இருக்கிறது, அங்கே முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், அவருக்கு ‘மேஸ்திரி’ என்று போட்டு ஒரு பை வேண்டும் என்றார்.

அண்ணி சாம்பல் நிறக் கேன்வாஸில் தைத்தாள். உள்பைக்கு மூட்டையில் கைவிட்டாள். மீன் துண்டு வந்தது.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “என்ன அண்ணி, ஒரு பெரிய மனுஷனுக்கு மூஞ்சி சரியில்லாத மீன வெக்கிறீங்க?” என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

“சாம்பலுக்கு நீலம் எடுப்பா இருக்கு. நீ போய் உன் மிஷினப் பாரு” என்றாள்.

கடை நாடாவையும் சேர்த்துத் தைத்தாள். எங்கள் இருவரில் ஒருத்திக்குக்கூட அந்த நேரத்தில் மாடிப் பொண்ணின் நினைவு வரவில்லை. துண்டுத்துணி மூட்டைக்குள் போய்விட்டால் அண்ணிக்கு அது யாருடையதும் இல்லை, வெறும் நிறமும் அளவும்தான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கட்பீஸ்காரர் குதூகலமாக உள்ளே நுழைந்தார்.

“தங்கச்சி, உன் பை அங்க ஒரு கலக்கு கலக்கிடுச்சு! மேஸ்திரி உள்ள திறந்து பாத்தாரு, சிரிச்சாரு சிரிச்சாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. ‘அடேய், இது நம்ம பட்டறை மீனாச்சே!’ன்னாரு. மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு ஆளு அச்சுக் கட்டைய மாத்தி வெச்சு, கண்ணையெல்லாம் வெளிய போட்டுட்டானாம். மொத்தத் துணியும் வீணாம். எல்லாத்தையும் மறுபடி சாயத்துல முக்கிட்டாங்களாம். அந்த ஆளு மட்டும் ஒரு அஞ்சு மீட்டர வீட்டுக்கு எடுத்துட்டுப் போனானாம். உலகத்துலயே அந்த அஞ்சு மீட்டர்தானாம். ‘அது எப்படிடா இங்க வந்துச்சு?’ன்னு எல்லாரு முன்னாடியும் அவனையே கூப்பிட்டுக் காட்டினாரு.”

அண்ணி கையில் கத்தரிக்கோலோடு நின்றாள்.

“அவன் என்ன சொன்னான்?” என்றேன்.

“ஒண்ணும் சொல்லல. பைய வாங்கிப் பாத்துட்டே இருந்தான். ரொம்ப நேரம் பாத்தான். நேத்து எங்கிட்ட வந்து வழி கேட்டான். அவன் பொண்ணுக்கும் ஒரு பை தைக்கணுமாம். நாடாவுல இருக்கிற தெரு எங்க இருக்குன்னு நான்தான் படம் போட்டுக் குடுத்தேன். உனக்கு ஒரு ஆர்டர் புடிச்சுக் குடுத்திருக்கேன், டீ கூடக் கிடையாதா?”

அவரை எப்படி அனுப்பினோம் என்று எனக்கு நினைவில்லை. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “என் கையால… என் கையாலயே செஞ்சுட்டேனே” என்றாள். லாண்டரிக்குப் போன் செய்தோம். வேலை நேரத்தில் பெண்களின் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்கள். ஆபீஸ் நம்பரில் எடுத்தவன், நாலு மணிக்கு மேல் பேசு என்று வைத்துவிட்டான். பள்ளியில் கேட்டோம். அம்மா வந்து கையெழுத்துப் போட்டால்தான் முன்னதாக விடுவார்களாம், இல்லையென்றால் மூன்றரைக்கு மணி அடித்த பிறகுதான். நான் லாண்டரிக்கு நேரில் போய் அவளை வெளியே இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போவது என்று முடிவு செய்தோம்.

என் பக்கத்து கம்ப்யூட்டரை அணைக்கக் கை வைத்தேன். “பேர் போட்டுப் பை தைக்கிற கடை இதுதானா?” என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

அவனை வில்லன் மாதிரி நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மெலிந்த ஆள், துவைத்து இஸ்திரி போட்ட சட்டை, செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். கை சுத்தமாக இருந்தது, நகக்கண்ணில் மட்டும் நீலச் சாயம். அண்ணியை அக்கா என்று கூப்பிட்டான். மேஸ்திரிக்குத் தைத்த பையைப் பார்த்தேன், அவ்வளவு நேர்த்தி, என் பெண்ணுக்கும் ஒன்று பரிசாகக் கொடுக்க ஆசை என்றான். பொறுமையாக, மரியாதையாகப் பேசினான்.

“என்ன சைஸ் வேணும்?” என்றாள் அண்ணி. குரல் நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். “பொண்ணு எவ்வளவு உயரம்?”

அவன் தன் இடுப்புக்குக் கீழே கை வைத்துக் காட்டினான். “நான் கடைசியா பாக்கறப்ப இவ்வளவு இருந்தா. இப்ப வளந்திருப்பா. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே அளவு வெச்சுக்கங்க அக்கா.”

மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

“அந்த உள்பைத் துணி எங்க கிடைச்சுது?” என்றான்.

“எடைக்கு வாங்கற மூட்டைல என்னென்னவோ வரும் தம்பி. எது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்படியா?” என்று சிரித்தான். “சரி. பேரு அடிக்கணுமாமே.” என் பக்கம் திரும்பினான்.

சிட்டுவின் முழுப் பேரை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். நாலு எழுத்து. அவன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இங்க ஸ்கூல் எத்தன மணிக்கு விடுவாங்க?” என்று மெதுவாகக் கேட்டான்.

“நாலரைக்கு” என்றேன். பொய்.

பேப்பர் தட்டைக் காலால் லேசாக வெளியே தள்ளினேன். பிரிண்ட் கொடுத்ததும் மிஷின் கீ கீ என்று கத்தியது. “பேப்பர் தீந்துருச்சு அண்ணி. நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்.”

“இதோ ஒரு கட்டு இருக்கே” என்றான் அவன். மேஜைக்கடியில் பிரிக்காத பேப்பர் கட்டு ஒன்று பளிச்சென்று இருந்தது. ஊரெல்லாம் பேசுகிற வாய், அந்த நேரம் பார்த்துச் செத்துப்போயிற்று.

அன்று வரை பொய் சொல்லத் தெரியாத எங்கள் அண்ணிதான் பேசினாள். “அது போன மழைல ஒழுகி நனைஞ்ச கட்டு தம்பி. மாட்டினா மிஷின் சிக்கிக்கும், அப்புறம் ஒரு வாரம் ரிப்பேரு. நீ போய்ட்டு வா, வாயாடி. நீங்க உக்காருங்க, நூல் கலர் காட்டறேன். பொண்ணுக்கு என்ன கலர் புடிக்கும்?”

தெருமுனை வரை நடந்தேன். அவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று தெரியும். முனை திரும்பியதும் ஓடினேன். ஓடி எத்தனை வருஷம் ஆயிற்று! செருப்பு ஒன்று கழன்று போனதைக்கூடக் கவனிக்கவில்லை. லாண்டரிக்குப் போக இனி நேரம் இல்லை, நேராகப் பள்ளிப் பக்கம் ஓடினேன். பாதி வழியில் சிட்டு எதிரே வந்துகொண்டிருந்தது. தோளில் அந்தப் பை, அத்தனை மீன்களும் வெயிலில் தெரிய. நான் அதை முழங்காலில் நின்று அணைத்துக்கொண்டு பையைக் கழற்றி, உள்புறம் வெளியே வரும்படி திருப்பினேன்.

“என்ன ஜெராக்ஸ் அத்தை, ஒரு கால்லதான் செருப்பு இருக்கு?” என்று சிட்டு சிரித்தது.

லாண்டரி வாசலில் காவலாளியிடம் சண்டை போட்டு உள்ளே போனேன். ஆவியும் சோப்பு நாற்றமுமாக இருந்தது. மாடிப் பொண்ணு ஈரத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் முகத்தையும், என் கையில் இருந்த குழந்தையையும் பார்த்தாள்.

“எவ்வளவு நேரம் இருக்கு?” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மீன் துண்டு, உள்பை, மேஸ்திரி, நாடா. “எங்க தப்புதான். எங்க ரெண்டு பேரு தப்பும்தான்” என்று அழுதேன். அவள் அழவில்லை. ஏப்ரனைக் கழற்றி வண்டியின் மேல் போட்டாள். பின்வாசல் வழியாகப் போனால் பஸ் நிற்கிற பெரிய ரோடு. அறைக்குத் திரும்பிப் போய் ஒரு துணிகூட எடுக்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

“போய்ச் சேந்ததும் ஒரு போன் மட்டும் பண்ணு. அண்ணி துடிச்சுப்போயிடுவாங்க” என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “அக்காவ மாதிரி ஒருத்தங்கள நான் பாத்ததில்ல. ஆனா பண்ண மாட்டேன். நம்பரையும் மாத்திடுவேன். இனிமே நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. தப்பா நினைக்காதீங்க.”

நினைக்கவில்லை என்று சொன்னேன். ஆனால் அது நெஞ்சில் குத்தியது. குத்த வேண்டியதுதான். பின்வாசலில் சிட்டு திரும்பி, “பெரியம்மாகிட்ட சொல்லவே இல்லியே” என்றது. அவள் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் பேப்பர் கட்டோடு கடைக்குத் திரும்பியபோது அவன் வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். தெருவில் போகிற ஒவ்வொரு குழந்தையையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கூல் மூன்றரைக்கே விட்டுவிட்டார்கள் போல என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அண்ணி அவன் முன்னால் எழுபது எண்பது நூல் உருண்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். ஆறு மணிக்கு எழுந்து, “எப்ப வரட்டும் அக்கா? வியாழக்கிழமைதான் எனக்கு லீவு” என்றான்.

“அடுத்த வியாழன் வாங்க தம்பி.”

நான் அவனைப் பற்றிப் போலீஸில் சொன்னேன். அவன் என்ன செய்தான், பை தைக்கக் கொடுத்தான், அதில் என்ன தப்பு என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வியாழன் வந்தான். பை தயாராகவில்லை. ஜிப் சரியானது கிடைக்கவில்லை என்றாள் அண்ணி. அதற்கடுத்த வியாழன் நூல் சாயம் போயிற்று என்றாள். பிறகு கை வலி. பிறகு தோள்வார் கோணல், பிரித்துத் தைக்க வேண்டும். அவன் முகம் சுளிக்கவே இல்லை. மத்தியானம் வந்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு, இருட்டுகிற வரை உட்காருவான். பள்ளி விடுகிற நேரத்தில் அவன் உடம்பு மட்டும் கொஞ்சம் முன்னால் சாயும். அண்ணி பேச்சுக் கொடுப்பாள். மிஷினே கதி என்று கிடக்கிறவள் அவனிடம் வாய் ஓயாமல் பேசினாள். டீ வாங்கிக் கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவது வாரம் அவன் போனதும் நான் வெடித்தேன். “அந்தப் பைய முடிச்சு அவன் மூஞ்சில எறிஞ்சு அனுப்பக் கூடாதா? அவன் நம்ம கடைல உக்காந்திருக்கறத பாக்க பாக்க எனக்கு உடம்பெல்லாம் கூசுது!”

அண்ணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். “குடுத்தா போயிடுவான். போய் என்ன செய்வான்?”

நான் அவன் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டேன்.

“அவங்க இந்தத் தெருவுலதான் எங்கயோ இருக்காங்கன்னு நினைச்சுட்டு வர்றான். நான் மறைச்சு வெச்சிருக்கேன்னு நினைக்கிறான். இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் வேற எங்கயும் தேட மாட்டான்டி. வாரத்துக்கு ஒரு நாள் லீவு அவனுக்கு. அந்த ஒரு நாள நான் வாங்கிக்கிறேன்.”

எங்கள் அண்ணியை நான் என்னவெல்லாம் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறேன். அன்று அவள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை, செய்திருந்தால் உதைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். நான் பேரைத் தப்பாக அடித்தேன், எழுத்தின் அளவை மாற்றினேன், மிஷின் ரிப்பேர் என்றேன். வாரங்கள் போயின. மூன்று எழுத்துகள் போட்டாயிற்று, நாலாவது எழுத்து பாதியில் நின்றது. ஏழாவது வியாழன் அவன் பையைக் கையில் வாங்கி, அந்தப் பாதி எழுத்தின் மேல் விரலை ஓட்டினான்.

“நல்லா தைக்கிறீங்க அக்கா” என்றான். “அவசரமே இல்லாம.”

வழக்கம்போல இருட்டும் வரை அவன் உட்காரவில்லை. பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தெருவைக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வியாழன் அண்ணி காலையிலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. மூன்றரைக்குப் பிள்ளைகள் கத்திக்கொண்டு தெருவில் போனார்கள். நாற்காலி காலியாக இருந்தது. கட்பீஸ்காரருக்குப் போன் செய்தேன். அந்த ஆள் போன வாரமே பட்டறையில் கணக்கை முடித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டான், எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது என்றார்.

அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அந்தப் பொண்ணு நம்பரு ஏதாவது…”

“இல்ல அண்ணி.”

“லாண்டரில யாருகிட்டயாவது…”

“கேட்டுட்டேன். யாருக்கும் தெரியாது.”

அண்ணி வாசலில் இறங்கித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். முதல் நாலு வாரமும் அவன் வரக் கூடாது, வரக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தவள் நான். அன்று அவன் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இருட்டும் வரை இருவரும் அங்கேயே நின்றோம்.